பெட்டியில் கிடக்கும் பழைய திர்ஹம்

பழைய காசு வாங்கும் என்னிடம் போன மாதம் ஒரு பெரியவர் ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு நாணயங்களைக் கொண்டுவந்தார். அவருடைய அண்ணன் எழுபதுகளில் துபாயில் வேலை பார்த்தவராம். மேசையில் கொட்டியதும் ஒரு வெண்கலக் காசு மட்டும் புதுக் குத்துவிளக்காக மின்னியது. பாய்மரக் கப்பல் போட்ட 10 ஃபில்ஸ். திர்ஹம் என்பது ஐக்கிய அரபு அமீரகத்தின் பணம்; அதில் நூறில் ஒரு பங்குதான் ஃபில்ஸ். "நேத்து ராத்திரி புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்ச்சேன் தம்பி" என்றார். கப்பல் முழுக்கக் கீறல். வயதான காசில் ஏறியிருக்கும் பழுப்பு நிறத்துக்குத்தான் சேகரிப்பவர்கள் பணம் தருவார்கள். அதை அவர் சுரண்டி எடுத்துவிட்டார். காசைத் தேய்க்காதீர்கள் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, கையில் இருப்பது என்ன காசு? எண்கள் அரபியில் இருக்கும். சிறு வட்டம் 5, வெறும் புள்ளி பூஜ்யம். ஆக, வட்டமும் புள்ளியும் சேர்ந்தால் 50. எண்ணெய்க் கிணற்றுக் கோபுரங்கள் அதில்தான் இருக்கும். 25 ஃபில்ஸில் மான், 5-இல் மீன், 1-இல் பேரீச்ச மரங்கள். ஒரு திர்ஹத்தில் காப்பிக் கூஜா. பழைய திர்ஹம் 28.5 மில்லிமீட்டர் அகலம். 1995-இல்தான் 24-ஆகச் சுருங்கியது. முதல் வரிசைக் காசுகளில் 1393, 1973 என்று இஸ்லாமிய (ஹிஜ்ரி) ஆண்டும் ஆங்கில ஆண்டும் அடுத்தடுத்து இருக்கும்.

அந்த 1973-க்குப் பின்னால் நம் ரூபாயும் இருக்கிறது. வளைகுடாவில் அன்று புழங்கியது இந்திய ரூபாய்தான். தங்கக் கடத்தலுக்காக வெளியே போன ரூபாய் நோட்டெல்லாம் திரும்பிவந்து, அவற்றுக்கு ஈடாக இந்தியா கொடுத்த அந்நியச் செலாவணி கரைந்ததால், 1959-இல் வளைகுடாவுக்கென்றே தனி ரூபாய் நோட்டு வெளியிட்டார்கள். நிறம் வேறு, வரிசை எண்ணுக்கு முன்னால் 'இசட்' எழுத்து. 1966 ஜூன் 6-இல் ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டு, டாலர் 4.76-லிருந்து 7.50-க்குப் போனது. அப்புறம் அங்கே யார் அதை வைத்துக்கொள்வார்கள்? அபுதாபி பஹ்ரைன் தினாருக்குப் போனது. துபாயும் அங்கிருந்த மற்ற சிற்றரசுகளான அமீரகங்களும் கத்தார்-துபாய் ரியாலுக்கு வந்து சேர்ந்தன.

1971 டிசம்பர் 2-இல் அபுதாபி, துபாய் எல்லாம் சேர்ந்து ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாடு உருவானபோதும் இதே நிலைமைதான். கொடி ஒன்று, கல்லாப் பெட்டியில் இரண்டு பணம். 1973 மே 19-இல் திர்ஹம் வந்தது. மாற்றிய கணக்கு எளிது: ஒரு ரியாலுக்கு ஒரு திர்ஹம், ஒரு தினாருக்குப் பத்து. ரியால், மதிப்பு குறையாத பழைய ரூபாய்க்குச் சமமாக வைக்கப்பட்டது; பஹ்ரைன் தினாரும் 1965-இல் பத்து ரூபாய் என்றுதான் வந்தது. இரண்டுக்கும் தாய் அந்த ரூபாய் என்பதால்தான் கணக்கு இவ்வளவு சுத்தமாக முடிந்தது என்பது என் கருத்து.

இனி விலை. புழங்கித் தேய்ந்த 1973 திர்ஹம் லட்சக்கணக்கில் போகும் என்று யூடியூபில் சொன்னால் நம்பாதீர்கள். நூறு இருநூறு ரூபாய்க்கு மேல் நான் கொடுத்ததில்லை. "காசை நாங்கள் வாங்குகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று கேட்பவர் திருடர். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படிக் கறக்கிறார்கள் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. வாங்குகிறவன் எதற்கு உங்களிடம் பணம் கேட்கிறான்?

அந்த ஹார்லிக்ஸ் பெரியவரிடம் கடைசியில் ஒன்று கேட்டேன்: அண்ணனின் டிரங்குப் பெட்டியில் நோட்டு ஏதாவது இருக்கிறதா, எண்ணுக்கு முன்னால் 'இசட்' போட்டது? யோசித்துவிட்டு, பார்க்கிறேன் என்றார். இருந்தால் அயர்ன் பண்ணாமல், லேமினேஷன் போடாமல் அப்படியே எடுத்து வாருங்கள் என்று வாசல் வரை போய்ச் சொல்லி அனுப்பினேன்.