விலை குறைந்த ரைஃபிளும் 1000 கஜத் தூரமும்

தொழிற்சாலையில் செய்து பெட்டியில் வரும் ரைஃபிள்களின் விளம்பரங்களில் ஒரு வாக்குறுதி அடிக்கடி தென்படும்: 1 எம்.ஓ.ஏ. உத்தரவாதம். எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. 100 கஜத்தில், அதாவது 91 மீட்டரில், அந்தக் கோணம் 2.66 செ.மீ. அகலம். 1000 கஜத்தில் அதுவே 26.6 செ.மீ. ஆகிவிடும். ஆடாமல் அசையாமல் சுட்டால் குண்டுகள் எல்லாம் இந்த அகலத்துக்குள் விழும் என்பதுதான் வாக்குறுதி. எத்தனை குண்டுகள்? பெரும்பாலும் மூன்று. சிக்கலே அந்த மூன்றில்தான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருவோம்.

ஒரு காலத்தில் இந்தத் துல்லியம் வேண்டுமென்றால் கைதேர்ந்த கம்மியரிடம் ரைஃபிளைக் கொடுத்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. இன்று மலிவான ரைஃபிளே அதை எட்டுகிறது. முதல் காரணம் பேரல், அதாவது குண்டு பாய்ந்து வெளியேறும் குழாய், செய்யும் முறை. டிக்கா, ருகர் போன்ற தயாரிப்பாளர்கள் சுத்தியல் அடி முறையில் செய்கிறார்கள். உட்புரியின் (குண்டைச் சுழலவைக்கும் திருகு வரிகளின்) எதிர்வடிவம் செதுக்கிய கடினமான கம்பியைத் துளைக்குள் நுழைத்து, சுற்றிலும் இயந்திரச் சுத்தியல்கள் அடிக்க அடிக்க, எஃகு அந்தக் கம்பியின் மேல் இறுகிப் புரியாகிவிடும். சில நிமிட வேலை. இயந்திரம்தான் விலை அதிகம்; ஒரு பேரலுக்கான செலவு குறைவு.

இரண்டாவது காரணம், எனக்குப் பிடித்தது, சேவேஜ் நிறுவனத்தின் 110 ரைஃபிளில் உள்ள நட்டு. தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்புறம் அடைக்கும் போல்ட்டின் முகப்புக்கும், பேரலின் பின்முனை அறைக்குள் தோட்டா அமரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குக்குள் சரியாக இருக்க வேண்டும். வழக்கமான ரைஃபிளில் இதற்காகப் பேரலின் தோள்பகுதியை மிக நுணுக்கமாகக் கடைகிறார்கள். சேவேஜ் அந்தக் கஷ்டத்தையே தவிர்த்துவிட்டது. அறைக்குள் ஓர் அளவுகோலை வைத்து, பேரலை அது தொடும்வரை திருகி, வெளியே இருக்கும் நட்டை இறுக்கினால் வேலை முடிந்தது. மலிவு, ஆனால் துல்லியத்தில் சமரசம் இல்லை. ருகர் அமெரிக்கனும் இதே வழியில்தான் போகிறது. டிக்கா வேறு இடத்தில் மிச்சம் பிடிக்கிறது: டி3 வரிசையில் சின்னத் தோட்டாவுக்கும் பெரிய தோட்டாவுக்கும் போல்ட் இயங்கும் உலோக உடல் ஒரே நீளம்தான்.

அப்படியானால் குறைந்த விலை எங்கே வெளிப்படுகிறது? முக்கியமாகக் கட்டையில், அதாவது பேரலையும் உடலையும் தாங்கும் பிடியில். சுடும்போது பேரல் அதிர்கிறது. அந்த அதிர்வு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால் பாதகமில்லை. மாறினால் குண்டு வேறு திசையில் போகும். அதனால்தான் பேரல் கட்டையைத் தொடாமல் மிதக்க வேண்டும் என்கிறார்கள். சோதிப்பது எளிது. ரைஃபிளில் தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, ஒரு தாளைப் பேரலுக்கும் கட்டைக்கும் இடையே நுழைத்துப் பின்னோக்கி இழுங்கள். தடையில்லாமல் நகர்கிறதா? சரி. இப்போது பைபாடை, அதாவது முன்பக்க இருகால் தாங்கியை, விரித்து, அதன்மேல் உடல் எடையைச் சாய்த்துவிட்டு மறுபடி இழுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் கட்டை வளைந்து, தாள் பக்கவாட்டில் சிக்கிக்கொண்டால் அந்த ரைஃபிளின் பலவீனம் அங்கேதான். பேரலைக் குறை சொல்லிப் பயனில்லை.

பேரலின் தடிமனும் கணக்கில் வரும். வளைவைத் தாங்கும் விறைப்பு விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப உயர்கிறது. எடையோ இரண்டாம் மடிக்கு ஏற்பத்தான். கொஞ்சம் தடித்தாலே நிறைய லாபம். மெல்லிய வேட்டைப் பேரல் சில குண்டுகளிலேயே சூடேறிவிடும். எஃகுக்குள் தங்கியிருக்கும் அழுத்தம் சீராக இல்லாவிட்டால், சூடேற ஏற குறி மெல்ல நகரும்.

இனி அந்த மூன்று குண்டு விவகாரம். சிதறல் புள்ளியியலுக்குக் கட்டுப்பட்டது. அதே ரைஃபிளில் 10 குண்டு சுட்டால் கிடைக்கும் அகலம், 3 குண்டின் சராசரி அகலத்தைப் போல ஒன்றரை மடங்குக்கும் சற்று மேலே இருக்கும். அது மட்டுமல்ல, 3 குண்டு அகலமே தாறுமாறாக மாறும். சராசரியாக 1 எம்.ஓ.ஏ. காட்டும் ரைஃபிள் ஒருமுறை 0.6, அடுத்தமுறை 1.4 என்று காட்டுவது சர்வசாதாரணம். ரைஃபிளில் எதுவும் மாறவில்லை. அதிர்ஷ்டம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இதை வைத்து 'சேவேஜைவிட டிக்கா மேல்' என்று தீர்ப்பு எழுதுவது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

தூரம் கூடக் கூட இந்தப் போட்டியே சிறுத்துப் போகிறது. 6.5 கிரீட்மூர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டு நொடிக்குச் சுமார் 825 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. 1000 கஜத்தில், பக்கவாட்டில் மணிக்கு 16 கி.மீ. காற்று அடித்தால் அது கிட்டத்தட்ட 2 மீட்டர் தள்ளிப்போகும். காற்றை மணிக்கு 1.6 கி.மீ. தவறாகக் கணித்தாலே சுமார் 20 செ.மீ. பிழை. கிளம்பும் வேகத்தில் தோட்டாவுக்குத் தோட்டா நொடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால், மேலும் கீழுமாக இன்னொரு 20 செ.மீ. அளவில் விலகும். 1 எம்.ஓ.ஏ. ரைஃபிளுக்கும் அரை எம்.ஓ.ஏ. ரைஃபிளுக்கும் உள்ள வித்தியாசமோ, மையத்திலிருந்து வெறும் 6.6 செ.மீ.

அதனால் இரண்டு மலிவு ரைஃபிள்களை ஒப்பிடுவதென்றால் ஒரே வகைத் தோட்டா, ஒரே தொலைநோக்கி, ஒவ்வொன்றிலும் குறைந்தது 20 குண்டு, நடுவே பேரல் ஆற இடைவெளி. சேர்த்துச் சுட்ட குண்டுகளின் எந்தக் குழுவையும் 'இது கணக்கில் இல்லை' என்று ஒதுக்கக் கூடாது. டிரிகர் இழுப்பு எப்படி என்று கேட்பார்கள். சேவேஜின் அக்யூட்ரிகர் என்ற டிரிகர் அமைப்பு வந்தபிறகு மலிவு ரைஃபிள்களிலும் இழுப்பு விசையைக் குறைத்துக்கொள்ளும் வசதி பரவலாகிவிட்டது, அதை வைத்து விலை பேச வேண்டியதில்லை. ரைஃபிளில் மிச்சமாகும் பணத்தை நல்ல தொலைநோக்கிக்கும் வேகம் சீராக இருக்கும் தோட்டாவுக்கும் செலவிடுவதுதான் என் கட்சி.