'மைனஸ் 5' என்ற எழுத்தை நம்பி மலையேறாதீர்கள்

மட்டக்களப்பிலிருந்து நுவரெலியாப் பக்கம் முகாம் போகிற பொடியன்மார், புறப்படுவதற்கு முதல் நாள்தான் ஸ்லீப்பிங் பாக், அதாவது குளிருக்கு உள்ளே நுழைந்து படுக்கும் பஞ்சுப் பை, தேடி வருவார்கள். முகாம் சாமான்களை வாடகைக்குக் கொடுப்பது என் தொழில். "அண்ணே, மைனஸ் அஞ்சு தாங்குற பாக் இரிக்கா?" என்றுதான் கேட்பார்கள். நுவரெலியாவில் மைனஸ் 5 எங்கே வருகிறது? ஜனவரி, பெப்ரவரி விடியற்காலையில் சில நாள் புல்லில் உறைபனி பிடிக்கும். மற்றபடி இரவுக் குளிர் 10 பாகையை ஒட்டித்தான் இருக்கும். ஆனாலும் மைனஸ் 5 பாக் கொண்டுபோனவர்கள் இரவெல்லாம் நடுங்கிவிட்டு வந்து என்னிடம் குறை சொல்கிறார்கள்.

பையின் உள்ளே தைத்திருக்கும் சின்னத் துணி லேபிளைப் பாருங்கள். ஒழுங்காகச் சோதித்த பை என்றால் மூன்று எண்கள் இருக்கும்: கம்ஃபர்ட் (சுகமாகத் தூங்கக்கூடிய குளிர்), லிமிட் (சுருண்டு படுத்துச் சமாளிக்கும் எல்லை), எக்ஸ்ட்ரீம். மலிவான பை ஒன்றில் கம்ஃபர்ட் 11, லிமிட் 7, எக்ஸ்ட்ரீம் மைனஸ் 5 என்று இருக்கலாம். வெளி உறையில் கொட்டை எழுத்தில் போடுவது அந்தக் கடைசி எண்ணைத்தான். எக்ஸ்ட்ரீம் என்றால் ஏறத்தாழ 6 மணித்தியாலம் உயிர் போகாமல் கிடக்கலாம் என்று அர்த்தம். விரல்கள் குளிரில் பாதிக்கப்படவும் கூடும். தூக்கம் என்ற பேச்சே அதில் இல்லை. நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண்ணை. போகிற இடத்தின் இரவுக் குளிரைவிட அது நாலைந்து பாகை குறைவாக இருந்தால் நல்லது. லேபிளில் ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

அந்த எண்களை எடுக்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். ஐஎஸ்ஓ 23537 என்ற தரநிலைப்படி, சூடேற்றிய பொம்மை ஒன்றுக்கு நீளக் கை உள்ளுடுப்பும் காலுறையும் போட்டு, பாயின் மேல் கிடத்திச் சோதிப்பார்கள். பாய் என்பது சோதனையிலேயே இருக்கிறது! நம் ஆட்கள் பாயை விட்டுவிட்டு, சாரத்தோடு பையை நேரே தரையில் விரித்துப் படுக்கிறார்கள். பைக்குள் சூட்டைப் பிடித்து வைப்பது பஞ்சுக்கு இடையில் நிற்கும் காற்று. உடம்புப் பாரத்தில் முதுகுக்குக் கீழே அந்தக் காற்று நசிந்து வெளியேறிவிட, தரை சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கையில் காசு குறைவென்றால் நடுத்தரப் பையும் நல்ல ஃபோம் பாயும் வாங்குங்கள். பன்பாய் மட்டும் மலைக்குப் போதாது.

கீழ்நாட்டு முகாமுக்கு இந்தக் கணக்கே வேறு. உகந்தையில் தங்கி, குமண, யால காட்டு வழியே கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்களிடம் தடித்த பையைக் கொடுத்தால் அவர்கள் வேர்த்தே செத்துப்போவார்கள். ஆடி மாதத்து இரவு 25 பாகையை ஒட்டித்தான் இருக்கும். ஒரு பருத்தி விரிப்பு, பாய், நுளம்புவலை இருந்தால் சரி. பாசிக்குடா, அறுகம்பை கடற்கரைக்கும் இதே பதில்தான். எனக்கு வாடகை போகிறது, பரவாயில்லை.

வாத்து இறகு நிரப்பிய பை இலேசானது, சூடானது, விலையும் அதிகம். ஆனால் நனைந்தால் இறகு கட்டியாகிச் சூட்டை இழந்துவிடும், காயவும் நாளெடுக்கும். மலைநாட்டு மூடுபனிக்கும் மழைக்கும் செயற்கைப் பஞ்சுப் பையைத்தான் நான் சொல்வேன். கொஞ்சம் நனைந்தாலும் அது ஓரளவு தாங்கும். தலைவரை மூடும் ஒடுங்கிய வடிவம் சூட்டைக் காக்கும். புரண்டு புரண்டு படுப்பவர்களுக்கு அது சரிவராது, அவர்கள் சதுரப் பை எடுக்கலாம். எந்தப் பையானாலும் மூக்கையும் வாயையும் உள்ளே இழுத்து மூடிப் படுக்காதீர்கள், மூச்சின் ஈரம் பஞ்சில் ஏறிவிடும்.

வாடகைக்கோ பழையதாகவோ எடுப்பவர்கள் பையை விரித்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கி நடுவில் வெளிச்சம் தெரிந்தால் அந்த இடத்தில் குளிர் ஏறும். அப்புறம் சிப்பை அடிமுதல் மேல்வரை ஒருதரம் இழுத்துப் பாருங்கள், மூக்கை வைத்து மணந்தும் பாருங்கள். எங்கள் வாவிக்கரை ஈரத்தில் சுருட்டியே வைத்த பைகளில் பூஞ்சணம் பிடித்துவிடும். என் கடைப் பையாக இருந்தாலும் சரி, பூஞ்சண மணம் வந்தால் திருப்பித் தந்துவிடுங்கள்.