பிரிவுகளுக்கு நடுவே தங்கிவிடும் அறிவு

தென்னாப்பிரிக்காவின் க்வாசூலு-நேட்டால் மாகாணத்தின் பொது மருத்துவமனைகளில் மருந்தாளுநராகப் பணியைத் தொடங்கி, இப்போது பல பிரிவுகளின் வேலைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருக்கிறேன். சாட்ஸ்வர்த், பீனிக்ஸ், வெருலம் என்று டர்பனைச் சுற்றி வாழும் நம் குடும்பங்களில், மருத்துவமனை, துறைமுகம், நகராட்சி, சர்க்கரை ஆலை போன்ற பெரிய அமைப்பு ஏதாவது ஒன்றில் ஒருவராவது வேலை பார்க்காத வீடு குறைவு. அங்கெல்லாம் ஒரே குறையைக் கேட்கிறேன்: ஒரு பிரிவுக்குத் தெரிந்தது அடுத்த பிரிவுக்குத் தெரிவதில்லை. இதற்கு மனிதர்களின் குணத்தைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. என் அனுபவத்தில், பெரும்பாலானவர்கள் கேட்டால் சொல்லத் தயாராகவே இருக்கிறார்கள். யாரை, எப்போது, எதைக் கேட்பது என்பதை வேலைக்குள்ளேயே யாரும் அமைத்துக் கொடுக்கவில்லை.

அதன் விலை என்ன என்பதை நம் மாகாணம் அறிந்திருக்கிறது. டர்பனிலிருந்து வடக்கே, மலைப்பாங்கான நாட்டுப்புறத்தில் இருக்கும் துகேலா ஃபெர்ரி என்ற ஊரில், 2005 ஜனவரி முதல் 2006 மார்ச் வரை நடந்த ஆய்வில், ஏறக்குறைய எந்த மருந்துக்கும் கட்டுப்படாத காசநோய் 53 பேருக்கு இருப்பது கண்டறியப்பட்டது. அவர்களில் 52 பேர் இறந்துபோனார்கள். சளி மாதிரி எடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால், அவர்களில் பாதிப் பேர் 16 நாட்களுக்கு மேல் உயிருடன் இல்லை. அந்தக் காலத்துக் கிருமி வளர்ப்புப் பரிசோதனையின் முடிவு வரவே பல வாரங்கள் ஆகும். எச்.ஐ.வி பரிசோதனை செய்யப்பட்டிருந்த 44 பேருக்கும் அந்தத் தொற்று இருந்தது. பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு முன் காசநோய்க்குச் சிகிச்சையே பெறாதவர்கள்; ஆனால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஏதோ ஒரு காரணத்துக்காக ஏற்கெனவே மருத்துவமனையில் தங்கியிருந்தவர்கள். பெரும்பாலானோரிடம் கிடைத்த கிருமிகள் ஒரே மரபுவகையைச் சேர்ந்தவை.

இந்த விவரங்களைச் சேர்த்துப் படித்தால், நோய் எங்கே கைமாறியிருக்கக்கூடும் என்ற சந்தேகம் யாருக்கும் வரும். சேர்த்துப் படிப்பதுதான் கடினமாக இருந்தது. எந்தக் கட்டிலில் யார் படுத்திருந்தார் என்பது வார்டுச் செவிலியருக்குத் தெரியும். யார் முன்பு சிகிச்சை பெற்றார் என்பது காசநோய்ப் பிரிவுக்கும், யாருடைய எதிர்ப்புசக்தி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது எச்.ஐ.வி பிரிவுக்கும், எந்தக் கிருமி எந்த மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்பது ஆய்வகத்துக்கும் தெரியும். நான்கும் நான்கு இடங்களில் இருக்கும் செய்திகள். கணினிப் பதிவேடுகள் வந்தபோதும் இந்தப் பிரிவினை அதற்குள்ளும் அப்படியே குடியேறியது: சாதாரணக் காசநோய்க்கு ஈடிஆர்.நெட், மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு ஈடிஆர்வெப், எச்.ஐ.வி சிகிச்சைக்கு டியர்.நெட் என்று மூன்று தனித்தனிப் பதிவேடுகள் இருந்தன. ஒரே நோயாளி மூன்றிலும் இருக்கலாம், ஒன்றுக்கொன்று தெரியாமலே. காசநோய்ப் பதிவு டியர்.நெட்டோடு இணைவதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

சுவர்களை இடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களிடம் நான் மிகவும் கவனமாகப் பேசுவேன், ஏனென்றால் அந்தச் சுவர்களில் சிலவற்றுக்கு நியாயமான காரணம் உண்டு. எச்.ஐ.வி பதிவேடு தனியாக வைக்கப்பட்டது நோயாளியை ஊரார் வாயிலிருந்து காப்பாற்றுவதற்காக. அதைவிட முக்கியமானது இன்னொன்று: எதிர்ப்புசக்தி குறைந்தவர்களையும் இருமிக்கொண்டிருக்கும் காசநோயாளிகளையும் காற்றோட்டமில்லாத ஒரே அறையில் காத்திருக்க வைத்து, அதற்கு ‘ஒருங்கிணைந்த சேவை’ என்று பெயரிட்டால், நாம் நோயைத்தான் ஒருங்கிணைக்கிறோம். ஆட்களை ஒன்றாக உட்கார வைப்பது வேறு, அவர்களுக்குத் தெரிந்ததை ஒன்றாகக் கொண்டுவருவது வேறு. எந்த நிறுவனத்தில் ஒத்துழைப்பைத் திட்டமிட்டாலும், முதலில் இப்போதுள்ள பிரிவினை எதற்காக வந்தது என்று கேட்டு, அந்தக் காரணத்தைக் காப்பாற்றும் வழியையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

சரியாக இணைத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கும் டர்பனே சான்று. சலீம் அப்துல் கரீம் தலைமையிலான காப்ரிசா ஆய்வு மையம் 642 நோயாளிகளிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், காசநோய் சிகிச்சை முடியும்வரை காத்திராமல் அதன் நடுவிலேயே எச்.ஐ.வி மருந்தையும் தொடங்கியவர்களிடையே இறப்பு விகிதம் 56 சதவீதம் குறைவாக இருந்தது. இரண்டு மருந்துகளும் முன்பே இருந்தவைதாம். மாறியது அவற்றைக் கொடுக்கும் காலம். அந்தக் காலத்தைக் கணிக்க, இரு பிரிவுகளும் ஒரே நோயாளியைப் பற்றி ஒரே வாரத்தில் பேசியாக வேண்டும்.

அப்படிப் பேசுவது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை, நான் உடனிருந்து பார்த்த ஒரு சிறிய மருத்துவ மையத்தைக் கொண்டு சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள், மதிய வரிசை குறைந்த பிறகு, அரை மணி நேரம். காசநோய்ப் பதிவேடும் எச்.ஐ.வி பதிவேடும் ஒரே மேசையில் விரிந்திருக்கும். ஒருவர் பெயரைப் படிப்பார், மற்றவர் விரலால் தேடுவார். பெயரை மட்டும் நம்ப முடியாது. ஒரே பக்கத்தில் நான்கு கோவெண்டர், மூன்று பிள்ளை, இரண்டு ம்கீஸே இருப்பார்கள். ஆகவே 13 இலக்க அடையாள எண்ணைச் சொல்லித்தான் ஒப்பிடுவார்கள். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாத ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும், யார், எந்த நாளுக்குள், அந்த நோயாளியைப் பார்ப்பது என்று எழுதப்படும். அடுத்த வாரம் அந்த வரியிலிருந்துதான் வேலை தொடங்கும். இதைத் தொடங்கிவைத்த மூத்த செவிலியர் என்னிடம் சொன்னது இது: “தம்பி, மீட்டிங் போட்டா எல்லாரும் நல்லா பேசுவாங்க. பேரை முன்னால வச்சாத்தான் பதில் சொல்லுவாங்க.”

அந்த அக்கா சொன்னதில்தான் முழு வடிவமைப்பும் அடங்கியிருக்கிறது என்று நான் கருதுகிறேன். இரு குழுக்களின் அறிவும் வெறும் பொதுப்பேச்சில் சந்திப்பதில்லை. இருவரும் கை வைக்க வேண்டிய ஒரு பொருளின் மேல்தான் சந்திக்கின்றன. சமூகவியலாளர்கள் சூசன் லீ ஸ்டாரும் ஜேம்ஸ் கிரீஸ்மரும் 1989-இல், கலிபோர்னியாவில் பெர்க்லியிலுள்ள விலங்கியல் அருங்காட்சியகத்தை ஆராய்ந்து இதையே எடுத்துக்காட்டினார்கள். விலங்கு பிடிக்கும் வேட்டைக்காரரும் ஆய்வாளரும் ஒரே கருத்துடையவர்களாக இருக்கத் தேவைப்படவில்லை. எங்கே, எப்போது பிடித்தது என்பதை எழுதும் பொதுவான படிவம் ஒன்றே அவர்களைச் சேர்ந்து வேலை செய்ய வைத்தது. துறைமுகத்தில் அது ஒரு சரக்குச் சீட்டாக இருக்கலாம், ஆலையில் ஓர் இயந்திரத்தின் பழுதுக் குறிப்பாக இருக்கலாம்.

தகவல் தளம் ஒன்றை வாங்கிவிட்டு, ‘எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததைப் பதிவிடுங்கள்’ என்று சுற்றறிக்கை அனுப்புவது வீண்செலவு என்று உறுதியாகச் சொல்வேன். நகல் இயந்திரங்கள் செய்யும் ஜெராக்ஸ் நிறுவனத்தில் பழுதுக் குறிப்புகளைப் பகிர்ந்த யுரேகா என்ற தளம் நிலைத்ததற்குக் காரணம், அங்குப் பழுதுநீக்குநர்கள் எழுதிய குறிப்புகளைச் சக பழுதுநீக்குநர்களே சரிபார்த்தார்கள், எழுதியவர் பெயரும் அதில் நின்றது. வேகமும் தானாகவே உதவிவிடாது. 2011-இல் தென்னாப்பிரிக்கா, சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு தரும் எக்ஸ்பெர்ட் காசநோய்ப் பரிசோதனையைக் கொண்டுவந்தது. ஆனால் முடிவுத்தாள் யாருடைய மேசைக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்காத இடத்தில், அந்த இரண்டு மணி நேரத்தால் நோயாளிக்கு எந்தப் பயனும் இல்லை. பதிவேடுகளைப் பகிரும்போது, 2013-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி யார் எதைப் பார்க்கலாம் என்பதையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவது நல்லது.

மேலாளர்களிடம் நான் கேட்பது பெரும்பாலும் நேரத்தைத்தான். பிரிவுகளுக்கிடையே போய்வருபவரின் வேலை எந்தப் பிரிவின் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆட்குறைவு வரும்போது முதலில் வெட்டப்படுவது அந்த அரை மணி நேரம். ஆகவே அது பணி அட்டவணையில் அச்சாகியிருக்க வேண்டும், அவருடைய ஆண்டு மதிப்பீட்டிலும் இடம்பெற வேண்டும். தகவல் கொடுத்த பிரிவுக்கு, அதனால் என்ன நடந்தது என்ற பதிலும் திரும்பிப் போக வேண்டும். தான் அனுப்பிய பெயருக்கு என்ன ஆயிற்று என்று ஒருமுறைகூடக் கேள்விப்படாத செவிலியர், மூன்றாவது மாதத்திற்குள் அனுப்புவதை நிறுத்திவிடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இந்த ஏற்பாடு உங்கள் இடத்தில் வேரூன்றியிருக்கிறதா என்று அறிய, அந்தப் பொறுப்பில் இருப்பவர் விடுப்பில் போகும் வாரத்தில் பதிவேடுகள் மேசைக்கு வருகின்றனவா என்று பாருங்கள். வராவிட்டால், அவர் ஓய்வுபெறும்வரை காத்திராமல், இரு பிரிவுகளிலிருந்தும் ஒவ்வொருவரை இப்போதே அவருடன் உட்கார வையுங்கள். இடம் காலியான பிறகு ஆள் எடுத்தால், புதியவருக்குப் பதிவேடு கிடைக்கும். எதிர்ப்பிரிவில் யாரிடம் கேட்டால் அன்றைக்கே பதில் வரும் என்பது கிடைக்காது.