மடியில் இருக்கும் குழந்தையை உங்கள் கை நிறுத்தாது

"டாக்டர், நான் கெட்டியாத்தான் புடிச்சிருந்தேன்."

போன வாரம் ராத்திரி எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு தாய் இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். காரின் பின்சீட்டில் அவர் மடியில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. முன்னால் போன வேன் சட்டென்று நிற்க, கார் அதில் இடித்திருக்கிறது. முன்சீட்டுகளுக்கு நடுவே பாய்ந்த குழந்தைக்கு நெற்றி பிளந்து ஏழு தையல். அம்மாவின் விரலிடுக்கில் கவுனின் கிழிந்த லேஸ் அப்படியே இருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை. கெட்டியாகத்தான் பிடித்திருந்தார். இந்த மாதம் இதே வார்த்தையை நான் கேட்பது மூன்றாவது முறை. அதனால்தான் எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்பில் நிலைமம் படித்தோமே, நிற்பது நிற்கவும், ஓடுவது அதே வேகத்தில் அதே திசையில் ஓடவும் பார்க்கும் குணம், ஓய்வில், இயக்கத்தில், திசையில் என்று மூன்று வகை? பரீட்சையோடு அதை மறந்துவிட்டோம். கார் 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மடியிலுள்ள குழந்தையும் அதே வேகத்தில்தான் போகிறது. மோதும்போது நிற்பது கார் மட்டும். பத்தில் ஒரு நொடியில் கார் நின்றால், 10 கிலோ குழந்தையை நிறுத்தி வைக்க ஏறத்தாழ 140 கிலோவைத் தூக்கும் பலம் வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் அந்தப் பலம் எந்தத் தாயின் கைக்கு வரும்? பாசம் வேறு, பலம் வேறு. இன்னொன்று: சின்னக் குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை கனம், அதனால் பறக்கும்போது பெரும்பாலும் தலைதான் முந்தும். இப்படி வரும் குழந்தைக்கு நாங்கள் முதலில் தலையைப் பார்ப்பது அதனால்தான்.

"பின்சீட்டுதானே" என்பார்கள். பெல்ட் போடாமல் பின்னால் இருக்கும் பெரியவர் முன்சீட்டுக்காரர் முதுகில் போய் விழுவார். பல கார்களில் பின்சீட் பெல்ட்டின் கொக்கி சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கிறது. இன்றைக்கே அதை வெளியே எடுங்கள். பின்கண்ணாடித் தட்டில் வைத்த எவர்சில்வர் டிபன் கேரியரும் பறக்கும், அதை டிக்கியில் வையுங்கள். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் சட்டத்தையே திருத்திவிட்டார்கள். அபராதத்துக்குப் பயந்தாவது செய்யுங்கள்.

பஸ்ஸிலும் இதே கதைதான். பாட்டி ஏறி கம்பியைப் பிடிப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுக்கிறார். பாட்டி மல்லாந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறார். ஓடும் பஸ்ஸிலிருந்து குதித்தவர் முகம் தேய்ந்து வருகிறார். வளைவில் படிக்கட்டில் தொங்கிய பையன்களைப் பற்றி எழுத மனசு வரவில்லை. தம்பிகளா, உள்ளே ஏறி நில்லுங்கள்.

கைக்குழந்தைக்குப் பின்சீட்டில், பின்பக்கம் பார்த்த குழந்தை இருக்கை வாங்குங்கள். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அதை மாட்டவே கூடாது. விலை அதிகம்தான். காதுகுத்துச் செலவில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். முதல் இரண்டு மூன்று தடவை குழந்தை அழும், பாட்டிமார்கள் "பாவம், தூக்கும்மா" என்பார்கள். தூக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டியை ஓரங்கட்டி, நிறுத்திவிட்டுத் தூக்குங்கள்.