ஊசியில் ஏறிய சோயா

“டெஸ்டோஸ்டிரோன் ஆண் உடம்பில் தானாகவே சுரப்பதுதானே? வெளியிலிருந்து ஏற்றிக்கொண்டதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?” அமெரிக்க பேஸ்பால் ஊக்கமருந்து விவகாரங்களைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே மூலக்கூறு, அணுவுக்கு அணு.

முதல் சோதனை எளிது. சிறுநீரில் டெஸ்டோஸ்டிரோனோடு அதன் நெருங்கிய உறவான எபிடெஸ்டோஸ்டிரோனும் இருக்கும். பெரும்பாலோருக்கு ஏறத்தாழச் சம அளவில். ஊசி போட்டால் முதலாவது மட்டும் ஏறும். நான்கு மடங்கைத் தாண்டினால் சந்தேகம். வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்துவந்த கலிபோர்னியாவின் பால்கோ கும்பல் இதற்கும் வழி கண்டது: களிம்பில் இரண்டையும் கலந்தே கொடுத்தார்கள்!

அடுத்த சோதனைதான் எனக்கு உயிர். கார்பன் அணுக்களில் நூற்றுக்கு ஒன்று போல கார்பன்-13, சற்றே கனமானது. நெல், கோதுமை, சோயாவில் கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதிக்குக் கனமானது அவ்வளவாகப் பிடிக்காது. மக்காச்சோளமும் கரும்பும் கேழ்வரகும் வாசலில் வேறொரு நொதியை நிறுத்தியிருக்கின்றன. அது இத்தனை பேதம் பார்ப்பதில்லை. சோயாவில் ஆயிரம் கார்பன்-13 அணுக்கள் என்றால், அதே அளவு மக்காச்சோளக் கார்பனில் ஆயிரத்துப் பதினான்கு இருக்கும்.

அமெரிக்கர் தின்னும் மாடும் கோழியும் மக்காச்சோளம் தின்று வளர்ந்தவை. குடிக்கும் சோடாவின் இனிப்பும் அதிலிருந்தே. ஆகவே அவர் உடம்பு சுரக்கும் ஹார்மோனிலும் மக்காச்சோள வாடை உண்டு. மருந்தாலை டெஸ்டோஸ்டிரோனோ பெரும்பாலும் சோயாவிலிருந்து செய்யப்படுவது. ஆய்வகத்தில் ஹார்மோனைப் பிரித்து, எரித்து, கரியமில வாயுவாக்கி, எடை 44 எத்தனை, கார்பன்-13 ஏறிய 45 எத்தனை என்று எண்ணுகிறார்கள். அப்புறம் அதே சிறுநீரில், ஊசியால் மாறாத இன்னொரு ஸ்டீராய்டையும் எடுத்து எண்ணுகிறார்கள். ஒரே சாப்பாட்டில் பிறந்த இரண்டுக்கும் கணக்கு ஒத்துப்போக வேண்டுமே! நம்மைப் போல மூன்று வேளையும் அரிசி என்றால் இந்த இடைவெளி குறுகிவிடும். ஆய்வகத்துக்குக் கொஞ்சம் சிரமம்தான்.

இலைகளில் கார்பன்-13ஐ அளந்தவர்கள் பேஸ்பாலை நினைத்து அளக்கவில்லை. ‘இதனால் என்ன பயன்?’ என்று ஆராய்ச்சி நிதி விண்ணப்பத்தில் கட்டம் போட்டு வைப்பவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம்.

2011 அக்டோபரில் மில்வாக்கி புரூவர்ஸ் பேஸ்பால் அணி வீரர் ரயன் பிரானின் மாதிரியில் செயற்கை டெஸ்டோஸ்டிரோன் இருப்பதாக முடிவு வந்தது. அடுத்த மாதமே அவருக்கு நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் விருது. ஆனால் மாதிரியைச் சேகரித்தவர் அன்றே அனுப்பாமல் வார இறுதி முழுக்க வீட்டில் வைத்திருந்தார். அந்த நடைமுறைப் பிசகைக் காட்டி, 2012 பிப்ரவரியில் பிரான் மேல்முறையீட்டில் நடுவரிடம் வென்றார். பாட்டில் வீட்டில் கிடந்தால் அதற்குள் சோயா முளைக்காது என்பது என் கட்சி. 2013இல் வேறொரு விசாரணையில் 65 ஆட்டத் தடை விழுந்தது. 2011இல் தடைசெய்யப்பட்ட மருந்து எடுத்ததை அதன்பின் அவரே ஒப்புக்கொண்டார்.