லேபுக்குப் போகும் முன் உங்கள் மேசையிலேயே பார்த்துவிடுங்கள்

ஓசூர் சிப்காட், சிட்கோ பக்கம் எல்.இ.டி. டிரைவரும் சார்ஜரும் செய்யும் சிறு நிறுவனங்களுக்கு போர்டு வடிவமைத்துக் கொடுக்கிறேன். அவர்களில் பலர் பொருளிலிருந்து மெயின்ஸ் கம்பி வழியே திரும்பிப் போகும் நாய்ஸை (உயர் அதிர்வெண் மின் இரைச்சலை) முதன்முதலாகப் பார்ப்பதே பெங்களூரு சோதனை லேபில்தான். பெட்டிக்கான அச்சு (டூலிங்) முடிந்து, போர்டும் அச்சாகி வந்தபின் அங்கே தோற்றால் ஃபில்டர் வைக்க இடமே இருக்காது. முதல் மாதிரி போர்டிலேயே பார்த்துவிட்டால் இந்தச் செலவு மிச்சம்.

தேவைப்படுவது ஒரு லிஸ்ன் (மெயின்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே வைத்து, பொருள் விடும் நாய்ஸை அளக்கப் பிரித்துத் தரும் பெட்டி), டைனிஎஸ்ஏ போன்ற கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசர் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு நாய்ஸ் என்று காட்டும் கருவி), இவை இரண்டுக்கும் இடையில் அட்டெனுவேட்டரோடு (சிக்னலைக் குறைப்பது) ஒரு லிமிட்டர் (திடீர் அதிக வோல்டேஜைத் தடுப்பது), மேசை மேல் ஒரு அலுமினியத் தகடு. லிமிட்டர் இல்லாமல் இணைக்கவே வேண்டாம். சுவிட்ச் போடும்போது வரும் ஒரு ஸ்பைக் போதும், அனலைசர் போய்விடும்.

உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று. லிஸ்னுக்குள் எர்த்துக்குப் பெரிய கெபாசிட்டர்கள் உண்டு. மொத்தம் 12 மைக்ரோஃபாரட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 0.87 ஆம்பியர் எர்த்தில் ஓடும். எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி உடனே டிரிப் ஆகும். அதற்காக எர்த்தைக் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள், லிஸ்ன் பெட்டியே ஷாக் அடிக்கும். லிஸ்னுக்கு முன்னால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (மெயின்ஸோடு நேரடித் தொடர்பில்லாமல் கரண்ட் தருவது) போடுங்கள், எர்த்தை முதலில் இணைத்துக் கடைசியில் கழற்றுங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் அந்த ஆர்சிசிபி உங்களைக் காக்காது என்பதும் நினைவிருக்கட்டும்.

இந்த நாய்ஸுக்கு எல்லை வைக்கும் சர்வதேசத் தரநிலைகளில் ஒன்றான சிஸ்பர் 32-இல், வீட்டு உபயோகத்துக்கான கிளாஸ் பி-க்கு, 500 கிலோஹெர்ட்ஸ் முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரை எல்லை குவாசி பீக் (அடிக்கடி வரும் உச்சங்களுக்கு அதிக எடை தரும் அளவு) 56, ஆவரேஜ் (சராசரி) 46 டெசிபல் மைக்ரோவோல்ட். விளக்குக்கு சிஸ்பர் 15 தனி. அனலைசர் காட்டும் டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை வைத்துச் சொல்லும் டெசிபல்) அளவோடு 107-ஐயும் அட்டெனுவேட்டர் அளவையும் கூட்டினால் மைக்ரோவோல்ட் கணக்கு வந்துவிடும். மலிவான கருவியில் குவாசி பீக் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பீக் அளவே ஆவரேஜ் எல்லைக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம்.

முதலில் பொருளை அணைத்துவிட்டு அளந்து பாருங்கள், மெயின்ஸில் ஏற்கெனவே இருக்கும் நாய்ஸ் தெரியும். அப்புறம் முழு லோடில் ஓட்டுங்கள். இன்னொரு 10 டெசிபல் அட்டெனுவேட்டர் சேர்த்தால் கோடுகள் சரியாக 10 இறங்க வேண்டும். அதைவிட அதிகம் இறங்கினால் அனலைசர் திணறுகிறது, முந்தைய அளவை நம்பக் கூடாது.

எல்லை தாண்டினால் கண்டபடி கெபாசிட்டர் சேர்க்காதீர்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து ஒரு கிளிப் ஃபெரைட் (கம்பியைச் சுற்றி மாட்டும் காந்தப் பொருள் வளையம்) மாட்டிப் பாருங்கள். நாய்ஸ் இறங்கினால் அது காமன் மோட், அதாவது இரண்டு கம்பியிலும் ஒரே திசையில் போய் எர்த் வழியே திரும்புவது. காமன் மோட் சோக் (இரண்டு கம்பியும் ஒரே கோரில் சுற்றிய காயில்), ஒய் கெபாசிட்டர் (கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே போடுவது) பக்கம் போங்கள். ஹீட்சிங்குக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்றும் பார்க்கலாம். அசையவே இல்லை என்றால் டிஃபரன்ஷியலாக, அதாவது ஒரு கம்பியில் போய் மற்றதில் திரும்புவதாக, இருக்கலாம். அப்படியானால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே போடும் எக்ஸ் கெபாசிட்டர் கைகொடுக்கும்.

லேபுக்குப் போகும்போது உங்கள் அளவுகளையும் எடுத்துப் போங்கள். அதே பொருளுக்கு இரண்டு இடத்திலும் எத்தனை டெசிபல் வித்தியாசம் என்று குறித்து வைத்தால், அடுத்த போர்டில் எவ்வளவு மார்ஜின் விட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.