பாலாறும் கோஷ்டிக் கணக்கும்

தோல் பதனிடும் ஊரில் அந்தத் தொழிலை எதிர்த்து உள்ளாட்சி மன்றத்தில் தீர்மானம் போடுவது லேசில்லை. பழைய வட ஆர்க்காட்டின் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் பல வீடுகளில் அடுப்பெரிவதே அதனால்தான். ஆனால் ஆலைகளின் உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் பாலாற்றுப் படுகையில் இறங்கிக் கிணறுகளைக் கெடுத்தது; பாசன நிலங்கள் பாழாயின.

ஒரு தரப்பின் ஆதாயம் ஊரின் நலனோடு மோதும் இந்தச் சிக்கல் பழையதுதான். பொது நலனுக்கோ பிறர் உரிமைக்கோ விரோதமான நோக்கத்தால் ஒன்றுசேர்ந்தவர்களையே 1787இல் அமெரிக்க அரசியல் சட்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜேம்ஸ் மாடிசன் கோஷ்டி என்றார். அவர்கள் பெரும்பான்மையோ சிறுபான்மையோ, இரண்டும் ஒன்றுதான். சுதந்திரத்தைப் பறித்தால் கோஷ்டி ஒழியும், ஆனால் நோயைவிட அந்த மருந்து மோசம் என்பது அவர் கட்சி. அதற்குப் பதில் ஆட்சிப் பரப்பைப் பெரிதாக்கச் சொன்னார். சிற்றூரில் ஒரே தொழிலை நம்பியவர்கள் பெரும்பான்மையாகிவிடலாம். பெரிய நாட்டில் அவர்கள் பல தரப்புகளில் ஒன்று. சிறுபான்மை கோஷ்டியை வாக்கெடுப்பே அடக்கிவிடும் என்றும் நம்பினார்.

இங்கேதான் கணக்கு பிசகுகிறது. ஆதாயம் சில கைகளில் குவிந்து, நட்டம் ஆயிரம் பேரிடம் சிதறினால், அந்தச் சிலரே சுலபமாக ஒன்றுசேர்வார்கள் என்று 1965இல் பொருளியலாளர் மான்சர் ஓல்சன் விளக்கினார். சுத்திகரிப்புச் செலவைத் தள்ளிப்போட ஆலை முதலாளி வக்கீல் வைப்பார், அவருக்குக் கட்டுப்படியாகும். ஒரு ஏக்கர்காரருக்கோ வழக்குக்காகச் சென்னை போய்வந்தால் அன்றைய வேலை கெடும். பக்கத்து வயல்காரர் போராடி ஜெயித்தால் தன் கிணற்றுக்கும் நல்லதுதானே என்று அவர் காத்திருக்கிறார். பக்கத்து வயல்காரரும் அப்படியே காத்திருக்கிறார். இதைச் சோம்பல் என்று ஏசுவது அநியாயம். தனித்தனியாகப் பார்த்தால் இருவர் கணக்கும் சரி.

தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக எவரும் இருக்கக் கூடாது என்பது மாடிசன் வலியுறுத்திய இன்னொரு விதி. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அந்தப் போக்கில்தான். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்றது. இழப்பைக் கணக்கிட, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் அமைக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. ஆலைக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அந்தத் தொகை எந்த முதலாளியின் தூக்கத்தையும் கெடுத்திருக்காது.

2025 ஜனவரியில் பாலாறு மறுபடியும் அதே நீதிமன்றத்தின் தீர்ப்பில் வந்து நின்றது. கொடுபடாத இழப்பீட்டை மாநில அரசு ஆறு வாரத்துக்குள் கொடுத்துவிட்டு, பிறகு மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. ஆலை ஆலையாகத் துரத்தும் வேலை விவசாயியிடமிருந்து அரசின் தலைக்கு மாறியது.